வகுப்பறை விட்டு வந்த நடுவர்

மெர்சிங் படகுத்துறையில் நின்று கடலைப் பார்த்தால் நம் கண்ணில் படுவது தீயோமானுக்குப் போகும் படகுகளும், மீன்பிடிப் படகுகளும், தூரத்தே தெரியும் தீவுகளும்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்தக் கடலின் அடியிலே கிடந்தது. 1990களின் இறுதியில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்து ஒரு கம்பிவடம் கடலுக்கடியில் போடப்பட்டது. அதன் நீளம் சுமார் 39,000 கிலோமீட்டர். அது 33 நாடுகளைத் தொட்டது. தலைமயிரைப் போல மெல்லிய கண்ணாடி இழைகளின் வழியே ஒளியாக மாறிப் பேச்சும் எழுத்தும் படமும் அதில் ஓடின. அந்த வடம் கரையேறிய ஊர்களில் நம் மெர்சிங்கும் ஒன்று. இலங்கையில் அது கொழும்பை அடுத்த கல்கிசையில் கரையேறியது. தைவான் தீவிலும் கரையேறியது.

மெர்சிங், கல்கிசை, தைவான் ஆகிய மூன்று கரைகளையும் ஒரே வடம் கட்டியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வோம். இன்று நாம் பேசப்போவதும் இந்த மூன்று கரைகளைப் பற்றித்தான்.

வடத்தைப் போட்டவர்கள் பொறியாளர்கள். ஆனால் அதில் யார் பேசலாம், எந்த நிறுவனம் எவ்வளவு கட்டணம் வாங்கலாம், எந்த வானொலிக்கு எந்த அலைவரிசை, எந்தத் தொலைக்காட்சிக்கு உரிமம் என்பதையெல்லாம் முடிவு செய்வது யார்? ஒவ்வொரு நாட்டிலும் அதற்கென ஒரு நடுவர் உண்டு. சில நாடுகளில் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த பேராசிரியர்களையே அந்த நாற்காலிக்கு அழைத்து வந்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? படிப்பு அவர்களுக்குக் கைகொடுத்ததா? இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் விடை, தோட்டத்தில் வாழும், வாழ்ந்த நம் குடும்பங்களுக்கும் வேண்டிய விடைதான்.

முதலில் இப்படி ஒரு நடுவர் ஏன் வேண்டும் என்று பார்ப்போம்.

நம் லயத்துக் குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஒன்று, குடம் ஐம்பது. யார் முதலில் பிடிப்பது, எத்தனை குடம் பிடிப்பது என்று ஒரு முறை இல்லாவிட்டால் சண்டைதான் மிஞ்சும், தண்ணீர் மண்ணில் போகும். வானத்து அலைவரிசையும் அப்படித்தான். இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் இரண்டும் கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். ஆகவே யாராவது பங்கிட்டுக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, தோட்டத்துப் பாதை. தோட்டத்துக்குள் வர ஒரே பாதை, ஒரே வாயில். அந்தப் பாதையை வெட்டிப் போட்டவரே ஒரு கடையும் வைத்திருக்கிறார். இப்போது வெளியிலிருந்து இன்னொருவர் மலிவான விலையில் சாமான் கொண்டுவர விரும்புகிறார். பாதைக்காரர் என்ன செய்வார்? வாயிலிலே நிறுத்தி, லாரிக்குப் பெருந்தொகை கேட்பார். புதியவரின் சரக்கு வாயில் தாண்டுவதற்குள் விலை ஏறிவிடும். தொலைபேசித் துறையில் நடப்பதும் இதுவே. பழைய நிறுவனத்திடம்தான் நாடு முழுதும் கம்பி இருக்கிறது. புதிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளரோடு பேச வேண்டுமானால், அந்தப் பழைய கம்பியில் ஏறித்தான் ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டை இணைப்பு என்கிறார்கள். அதற்கு நியாயமான கூலி எவ்வளவு என்று சொல்ல ஒரு மூன்றாம் மனிதர் வேண்டும். அவர் பாதைக்காரரின் தம்பியாக இருந்தால் நியாயம் கிடைக்குமா?

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே இருக்கவில்லை. ஏனென்றால் எல்லாம் அரசின் கையில் இருந்தன. நம் நாட்டில் 1946ஆம் ஆண்டு முதல் தொலைத்தொடர்பு இலாகாவே தொலைபேசியை நடத்தியது. தோட்டத்தில் தொலைபேசி என்றால் அது ஆபீசிலும் துரை பங்களாவிலும்தான். ஊரிலிருந்து வரும் நல்லதும் கெட்டதும் கடிதமாகவோ தந்தியாகவோ கிராணியின் கை வழியாகத்தான் நம்மை வந்தடையும். வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டினார்கள். பிறகு காலம் மாறியது. 1987இல் தொலைபேசி இலாகா நிறுவனமாக்கப்பட்டது. தனியார் நிறுவனங்களும் களத்தில் இறங்கின. 1998ஆம் ஆண்டின் சட்டத்தின்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அமைந்தது. 2005இல் அந்த ஆணையத்தின் தலைவராக இருந்தவர் டத்தோ வி. தனபாலன். நம் இனத்தவர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் நாம் தேடுவது பேராசிரியராக இருந்து நடுவரானவரை. அதற்காக அதே வடத்தைப் பிடித்துக்கொண்டு கல்கிசைக் கரைக்குப் போவோம்.

இலங்கையிலும் நீண்ட காலம் அரசே தொலைபேசியை நடத்தியது. தொலைபேசி கேட்டு மனுப் போட்டால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1989இல் தெற்காசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசி சேவை அங்கேதான் தொடங்கியது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் எண் சட்டம், தொலைபேசியை நடத்தும் வேலையையும் அதை மேற்பார்க்கும் வேலையையும் பிரித்தது. 1996இல் கம்பியில்லாமலே வீட்டுக்குத் தொலைபேசி தர இரண்டு புதிய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தது. 1997இல் அரசு நிறுவனமான ஸ்ரீலங்கா டெலிகாமின் 35 விழுக்காட்டுப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் வாங்கியது. 1995இல் தொடங்கிய டயலாக் கைத்தொலைபேசி சேவையில் நம் டெலிகோம் மலேசியா பங்கு கொண்டிருந்தது. மலேசியப் பணமும் அங்கே விளையாடியது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்படிப் பல ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்கியபின் நடுவரின் வேலை பெருகியது. 1996ஆம் ஆண்டின் 27ஆம் எண் திருத்தச் சட்டம் ஐந்து பேர் கொண்ட தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அமைத்தது. அதன் நிர்வாகத் தலைமை, பணிப்பாளர் நாயகம் என்னும் பதவி. 1998இல் அந்தப் பதவிக்கு வந்தவர் ரொஹான் சமரஜீவ.

யார் இவர்? கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்பு பற்றிப் பாடம் நடத்தியவர். தொலைபேசியை யார் நடத்த வேண்டும், எப்படி மேற்பார்க்க வேண்டும் என்பதையே ஆராய்ச்சியாகச் செய்தவர். கரும்பலகையில் எழுதிக் காட்டியதை நாட்டில் செய்து காட்டும் வாய்ப்பு அவருக்கு வந்தது.

வாய்ப்புத்தான், ஆனால் எளிதான வாய்ப்பன்று. வகுப்பறையில் ஒரு கருத்தைச் சொன்னால் மாணவன் குறிப்பெடுத்துக்கொள்வான். ஆணைக்குழுவில் ஒரு கருத்தைச் சொன்னால் ஒரு நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கில் லாபம், இன்னொன்றுக்குக் கோடிக்கணக்கில் நட்டம். நட்டப்பட்டவர் சும்மா இருப்பாரா? வழக்கறிஞரைத் தேடுவார், அமைச்சரைத் தேடுவார், பத்திரிகையைத் தேடுவார்.

அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று சட்டத்திலேயே இருந்தது. ஆணைக்குழுவின் தலைவர், துறை அமைச்சின் செயலாளர். ஸ்ரீலங்கா டெலிகாமின் பெரும்பங்கோ இன்னும் அரசின் கையில். அதாவது பாதைக்காரரும் அரசு, நடுவர் மன்றத்தின் தலைமையில் அமர்ந்திருப்பவரும் அரசு அதிகாரி. வெளிநாட்டு அழைப்புகளை நடத்தும் தனியுரிமை 2002 ஆகஸ்டு வரை பழைய நிறுவனத்துக்கே என்று முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கற்றறிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் அதை அவர் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. கட்டிய எல்லைக்குள் நின்றுதான் ஆட வேண்டும்.

வெளிநாட்டு அழைப்பு என்றதும் நமக்கு ஒன்று நினைவுக்கு வரும். கடல் கடந்த உறவினரோடு பேசப் பொதுத் தொலைபேசிக் கூண்டில் சில்லறையை அடுக்கி வைத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் காசு தீர்ந்துபோன காலம் அது. அந்தக் கட்டணம் அவ்வளவு உயரத்தில் நின்றதற்குத் தொலைவு மட்டும் காரணமன்று, போட்டி இல்லாததும் காரணம். வாயில் ஒன்று, வாயில்காரர் ஒருவர் என்றால் அவர் சொன்னதே விலை. இலங்கையில் 2002இல் அந்தத் தனியுரிமை முடிந்து, 2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு உரிமம் கொடுக்கப்பட்டபின் கட்டணம் இறங்கியது. நடுவர் நாற்காலியில் எழுதப்படும் ஒரு வரி, ஏழைத் தாய் ஒருத்தி மகளோடு எத்தனை நிமிடம் பேசுவாள் என்பதை முடிவு செய்கிறது. அதனால்தான் இந்த வரலாறு நமக்கு வேண்டும் என்கிறோம்.

சமரஜீவ அந்தப் பதவியில் இருந்தது 1998, 1999 ஆகிய இரு ஆண்டுகளில்தான். ஆனால் அந்தச் சிறிது காலம் அவருக்குப் பெரும்பாடமாயிற்று. 2001இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: குறைகள் நிறைந்த உலகத்திலே நடுவரின் சுதந்திரம், மக்களும் மற்றவர்களும் அவரை ஏற்றுக்கொள்வதன் மூலமே கட்டி எழுப்பப்படுகிறது. இதை நம் பேச்சில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். சட்டத்திலே "இவர் சுதந்திரமானவர்" என்று எழுதி வைத்துவிட்டால் போதாது. இவர் இரு பக்கத்தையும் கேட்கிறார், முடிவுக்குக் காரணம் சொல்கிறார், ஒளிவு மறைவு இல்லை என்று ஊர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால் அமைச்சரும் அவரை அசைக்க யோசிப்பார். அது இல்லாவிட்டால் சட்டப் புத்தகம் அவரைக் காப்பாற்றாது.

பதவிக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதும் கவனிக்கத்தக்கது. 2004இல் லேர்ன்ஏசியா என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளை விழுங்கியது. கடலோர மக்களுக்கு எச்சரிக்கை சொல்ல வழியில்லாமல் போனதே அந்த அழிவின் பெருந்துயரம். எச்சரிக்கை ஏற்பாடு எப்படி அமைய வேண்டும் என்று அந்த நிறுவனம் திட்டம் வரைந்தது. மேலும் 2006இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் ஏழைகள் தொலைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தது. சொந்தத் தொலைபேசி இல்லாதவர்களும் அண்டை வீட்டுத் தொலைபேசியிலும் கடைத் தொலைபேசியிலும் பேசுகிறார்கள், ஏழையும் வாடிக்கையாளரே என்பதை அத்தகைய ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இது நமக்குப் புதிய செய்தியா? இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததை எண்ணிக்கை போட்டு எழுதிக் காட்டினால்தான் மேலிடத்தில் காது கொடுக்கிறார்கள்.

இனி வடத்தின் அடுத்த கரைக்குப் போவோம். தைவான்.

அந்தத் தீவில் 1949 முதல் 1987 ஜூலை வரை, 38 ஆண்டுகள் இராணுவச் சட்டம் நடந்தது. அந்தக் காலத்திலே நாடு முழுதும் பார்த்த தொலைக்காட்சி நிலையங்கள் மூன்று. 1962, 1969, 1971 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய அவை மூன்றும் அரசு, ஆளுங்கட்சி, இராணுவம் ஆகியவற்றின் பிடியில் இருந்தன. புதிய பத்திரிகை தொடங்கத் தடை இருந்தது. அது 1988ஆம் ஆண்டின் முதல் நாள் நீங்கியது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் என்ன வரலாம் என்பதை அரசுச் செய்தி அலுவலகமே பார்த்துக்கொண்டது.

மக்களாட்சி வந்தபின், அரசே உரிமம் கொடுத்து அரசே தணிக்கை செய்வது கூடாது என்ற குரல் எழுந்தது. அதன் பயனாக 2006 பிப்ரவரி 22ஆம் நாள் தேசியத் தொடர்பு ஆணையம் அமைந்தது. முதல் தலைவர் சு யோங்-சின், சட்டப் பேராசிரியர். அவருக்குப் பிறகு 2008இல் பெங் யுன் அம்மையார், 2010இல் சு ஹெங் அம்மையார். இவர்கள் இருவரும் செய்தித்துறைப் பேராசிரியர்கள். முதலில் கண்ட சட்டப் பேராசிரியரும் இவ்விருவரும் தைப்பே நகரிலுள்ள தேசிய செங்ச்சி பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்கள். இலங்கையில் ஒரு பேராசிரியர், தைவானில் வரிசையாகப் பேராசிரியர்கள். கட்சிக்காரரை வைத்தால் மக்கள் நம்பமாட்டார்கள், அறிஞரை வைத்தால் நம்புவார்கள் என்பதே எண்ணம்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த அறிஞர்களைத் தேர்ந்தெடுத்த முறையிலே கோளாறு புகுந்தது. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடமோ, அந்த விகிதத்தில் ஆட்களை முன்மொழியலாம் என்று சட்டம் சொன்னது. ஆணையம் அமைந்து ஐந்து மாதம் கூட ஆகவில்லை, 2006 ஜூலை 21ஆம் நாள் அரசியல் சாசன நீதிபதிகள் அந்த முறை செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். நடுவர் மன்றத்தைக் கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டால், மக்கள் அதை நடுநிலை மன்றம் என்று நம்ப மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. உட்கார்ந்திருந்தவர்கள் படித்தவர்கள்தான். உட்கார வைத்த விதம்தான் பிசகு. பின்னர் பிரதமர் முன்மொழிந்து நாடாளுமன்றம் இசைவு தரும் முறை வந்தது.

பிறகு ஒரு பெருஞ்சோதனை. தின்பண்டம் செய்து பெருஞ்செல்வம் சேர்த்த வாண்ட் வாண்ட் என்னும் குழுமம், 2008இல் ஒரு பெரிய பத்திரிகைக் குழுமத்தை வாங்கியது. அதன் கையில் தொலைக்காட்சியும் சேர்ந்தது. அடுத்து, வீடுவீடாகத் தொலைக்காட்சி இணைப்புத் தரும் பெரிய கம்பிவட நிறுவனத்தையும் வாங்க முன்வந்தது. செய்தி எழுதுபவரும், அதைக் காட்டுபவரும், வீட்டுக்குள் கொண்டுவரும் கம்பிக்குச் சொந்தக்காரரும் ஒருவரே ஆகலாமா? இந்தக் கேள்வி ஆணையத்தின் மேசைக்கு வந்தது. 2012 ஜூலையில், எழுவரில் மூவர் விலகி நிற்க, நால்வர் கூடி முடிவெடுத்தார்கள். நிபந்தனைகளோடு இசைவு என்றார்கள். அந்தச் செப்டம்பரில் செய்தியாளர்களும் மாணவர்களும் தைப்பே வீதிகளில் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். 2013 பிப்ரவரியில், நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று ஆணையம் அறிவித்தது. கம்பிவடம் கைமாறவில்லை.

அதன் பிறகும் ஆணையத்தைச் சுற்றிய புயல் ஓயவில்லை. 2020 நவம்பரில் அதே குழுமத்தின் செய்தித் தொலைக்காட்சி ஒன்றுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க ஆணையம் மறுத்தது. அது சரி என்றார் சிலர், எழுத்துரிமைக்குக் கேடு என்றார் சிலர். வழக்கு நீதிமன்றப் படியேறியது. 2024 ஜூலை 31இல் உறுப்பினர் நால்வரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை நியமிப்பதில் அரசுக்கும் நாடாளுமன்றப் பெரும்பான்மைக்கும் ஒத்துப்போகவில்லை. ஆண்டின் கடைசியில், கூட்டம் போடக்கூடப் போதிய ஆளில்லாமல் ஆணையம் முடங்கியது. நடுவர் தவறு செய்தால் முறையிடலாம். நாற்காலியே காலியாக இருந்தால் யாரிடம் முறையிடுவது?

நேயர்களே, இரண்டு கரைகளின் கதையையும் சேர்த்துப் பார்ப்போம். நடுவருக்குப் படிப்பு வேண்டுமா? கட்டாயம் வேண்டும். அலைவரிசை, கட்டணக் கணக்கு, சட்டம் இவை தெரியாதவரை நிறுவனத்தின் கணக்கப்பிள்ளைகள் ஏமாற்றிவிடுவார்கள். ஆனால் படிப்பு மட்டும் போதுமா? போதாது. அவரை யார், எப்படி நியமித்தார்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அவர் கதவைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். தம் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். தமக்குச் சம்பந்தமுள்ள வழக்கென்றால் விலகி நிற்க வேண்டும். பேராசிரியர் என்ற பட்டம் அவரை நாற்காலி வரை கொண்டுவரும். அதிலே நிலைநிறுத்துவது மக்களின் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. இதை நாம் பல வேளைகளில் மறந்துவிடுகிறோம்.

மீண்டும் மெர்சிங் கரைக்கு வருவோம். நம் நாட்டிலே உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கணக்கிடப்பட்ட வருமானத்தில் 6 விழுக்காட்டை ஒரு பொதுநிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது விதி. லாபம் இல்லை என்று நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத உட்புறங்களுக்குத் தொடர்பு வசதி கொண்டுபோவதற்காக ஏற்பட்ட நிதி அது. செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கும் லயத்தில் கைத்தொலைபேசிக்கு அலை வரவில்லை, பிள்ளை பாடம் படிக்க மேட்டில் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அது விதியன்று. அதற்கென்றே ஒரு நிதி இருக்கிறது, அதைக் கவனிக்க ஓர் ஆணையம் இருக்கிறது. சேவை சரியில்லை, கட்டணச் சீட்டில் தவறு என்றால் முறையிடுவதற்கு 2001இல் தொடங்கிய பயனீட்டாளர் மன்றம் ஒன்றும் இருக்கிறது.

ஆனால் வாய் திறந்து கேட்காதவனின் குறை ஏட்டில் ஏறாது. நம்மில் பலர் என்ன செய்கிறோம்? அலை வரவில்லை என்று கைத்தொலைபேசியை அசைத்துப் பார்க்கிறோம், திட்டுகிறோம், விட்டுவிடுகிறோம். எந்தத் தோட்டம், எந்த இடம், எந்த நாள், என்ன குறை என்று ஒரு தாளில் எழுதுவதில்லை. எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கையொப்பமிட்டுத் தேதி போட்டு அனுப்பும் ஒரு மனு, நடுவரின் மேசையிலே ஒரு சான்று. சான்று இல்லாமல் மிக நல்ல நடுவராலும் தீர்ப்புச் சொல்ல இயலாது. மனு அனுப்பினால் உடனே கோபுரம் எழும்பிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அனுப்பாவிட்டால் நம் லயம் அவர்களின் படத்திலேயே இருக்காது என்றுதான் சொல்கிறோம்.

இன்னொரு சொல்லும் உண்டு, அது பெற்றோர்களுக்கு. தொடர்புத் துறை என்றால் தொலைக்காட்சியில் முகம் காட்டுவது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தத் துறைக்குள் சட்டம் இருக்கிறது, பொறியியல் இருக்கிறது, பொருளாதாரம் இருக்கிறது. இவற்றைப் படித்த ஒருவர் ஒரு நாட்டின் பேச்சுக்கே வழி வகுக்கும் இடத்தில் போய் உட்கார முடியும் என்பதை இலங்கையிலும் தைவானிலும் கண்டோம். பால் வெட்டி, பழக்குலை சுமந்து நாம் படிக்கவைக்கும் பிள்ளைகளில் ஒருவர் ஒரு நாள் அந்த நாற்காலிக்குப் போகட்டும். போகும்போது குழாயடியையும் தோட்டத்து வாயிலையும் மறவாமல் போகட்டும். அங்கே கடைசியாக நின்றவரின் குடமும் நிறைய வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் இருந்தால், படிப்பு பயன்பட்டது என்று கொள்ளலாம்.

அடுத்த முறை மெர்சிங் கரைக்குப் போகும்போது கடலைச் சற்று நின்று பாருங்கள். அந்த நீரின் அடியிலே எத்தனையோ நாட்டவரின் பேச்சு ஓடியது. நம் பேச்சும் அதிலே கலந்திருந்தது. அது தடையில்லாமலும் நியாயமான விலையிலும் ஓட வேண்டுமென்றால் நல்ல நடுவர் வேண்டும். நல்ல நடுவர் வேண்டுமென்றால் கேள்வி கேட்கும் மக்கள் வேண்டும்.